நாட்டார் கூப்பிட்ட பெயர்கள்

நதியா ஆலங்காயத்துப் பெண். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்து கொடுக்கிற வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு வராத தாய்மாமனை வந்தவர்களோடு ஒட்டி நிறுத்துவாள். செத்துப்போன அப்பாவை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துத் தரச் சொல்லி யாராவது வந்தால், நிழல் விழுகிற பக்கம் பார்த்து, சட்டையின் நிறம் பார்த்து, ஆள் உயிரோடு வந்து நின்றது போலவே செய்து கொடுப்பாள்.

புதூர்நாட்டுப் பக்கத்திலிருந்து புளியும் பலாப்பழமும் ஏற்றி வருகிற ஜீப்பின் டிரைவர் பிரகாஷை அங்கேதான் பழக்கம். கட்டினால் அவனைத்தான் என்று நின்றாள். அவள் அம்மா ராஜேஸ்வரி ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நீ போ. நான் அந்த மலைய மிதிக்க மாட்டேன்." சொன்னபடியே இருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மலைப்பாதை சரிந்து ஜீப் போகவில்லை. வீட்டுப் பக்கம் டவரும் கிடையாது. சேதி வந்து சேர்ந்து, நதியா காட்டு வழியே நடந்து இறங்கிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

பிரகாஷின் அப்பா வேடியப்பன்தான் அந்த மலைநாட்டுக்கு நாட்டார். அங்கே நாட்டார் என்றால் ராஜாதான். மலைமேல் சிதறிக் கிடக்கிற பத்துப் பன்னிரண்டு ஊருக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். கல்யாணத்துக்கு அவர் வெற்றிலை வாங்க வேண்டும், திருவிழாவுக்கு அவர் நாள் சொல்ல வேண்டும். அப்பன் செத்தால் மகனுக்குப் பட்டம். கூட்டப் பாறையின் மேல் இருக்கிற கல்லில் அவரைத் தவிர யாரும் உட்காரக்கூடாது. ஆனால் அவருடைய அதிகாரம் முழுக்கவும் ஒரே இடத்தில்தான் இருந்தது. அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வர வேண்டும். "வந்தியா?" என்று கேட்பார். "வந்தேன்" என்று சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடந்தவனைக் கட்டிலோடு தூக்கி வந்திருக்கிறார்கள்.

யாராவது செத்துப்போனால் மூன்றாம் நாள் நாட்டார் மேற்கே பார்த்து நின்று அவர்கள் பேரைக் கடைசியாக ஒரு தடவை சொல்லி, "இனி உன்னக் கூப்பிட மாட்டேன், நீ போ" என்பார். அதைப் 'பேர் அவிழ்க்கிறது' என்பார்கள். அதன்பிறகு அந்தப் பேர் அவர் வாயில் வராது. அதே பேரைப் பேத்திக்கு வைத்திருந்தாலும் அவர் மட்டும் "சின்னவளே" என்றுதான் கூப்பிடுவார்.

கொஞ்ச வருடமாகக் கூட்டத்துக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. வயதில் இருக்கிறவர்களெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். நாட்டார் கூப்பிட்டால் பாறைதான் திருப்பிச் சொன்னது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிரகாஷ் ஃபேஸ்புக் லைவ் பற்றிச் சொன்னான். கூட்டப் பாறைமேல் மட்டும் டவர் நன்றாகக் கிடைத்தது.

வேடியப்பன் கை கழுவாமல் யோசித்தார். "நான் இங்கேர்ந்து கூப்ட்டா திருப்பூர்ல இருக்கறவனுக்குக் கேக்குமா?"

"கேக்கும்பா. உன் மூஞ்சியும் தெரியும்."

"அவன் வந்தேன்னு சொல்றது எனக்குக் கேக்குமா?"

"எழுதிப் போடுவான். நதியா படிச்சுச் சொல்லும்."

"அப்ப சரி" என்றார் நாட்டார். "வந்தேன்னு சொல்லணும். அது இருந்தாப் போதும்."

பக்கம் தொடங்கியதும் போட்டோ வைத்ததும் நதியாதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனிக்காரர்களுக்கு லீவு என்பதால் அந்த நேரத்தை வைத்துக்கொண்டார்கள். நாட்டார் தலைப்பாகை கட்டிக் கோலோடு கல்லில் உட்காருவார். எதிரே செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கத்தில் நதியா உட்கார்ந்து வருகிற பெயர்களைப் படிப்பாள். அவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். எங்கேயோ விடுதி அறையில் படுத்திருந்தவன் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு 'வந்தேன்' என்று எழுதுவான். தோட்டத்தில் இருந்த அண்ணனுக்கும் திருப்பூரில் இருந்த தம்பிக்கும் நடுவே ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த நிலத் தகராறு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்தது. நாட்டாருக்கு முகத்தில் களை வந்தது. சனிக்கிழமையே தலைப்பாகையைத் துவைத்துக் காயப்போடச் சொல்லிவிடுவார்.

பனி இறங்கத் தொடங்கிய மாதம் அது. நதியா படித்துக்கொண்டே வந்தாள். அவர் அதே வேகத்தில் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"குப்பம்மாள்" என்று படித்தாள் நதியா.

"குப்பம்மா, வந்தியா?"

பாறையில் உட்கார்ந்திருந்தவர்கள் அசையவில்லை. நாட்டாரின் வாய் திறந்தபடியே நின்றது. குப்பம்மாள் பக்கத்து ஊர்க்காரி. போன வருடம் செத்துப்போனவள். அவள் பேரை இவரேதான் அவிழ்த்திருந்தார். கீழேயிருந்து வந்த நதியாவுக்கு அது தெரியாது. திரையில் பதில் வந்தது. அவள் அதையும் படித்தாள்.

"வந்தேன்."

அன்று மத்தியானமே நதியா திருப்பூருக்குப் பேசினாள். அந்தக் கணக்கு குப்பம்மாளின் மகன் கோகுல்ராஜிடம் இருந்தது. தன்னுடைய போன் உடைந்ததால் அம்மா போனில் பார்த்திருக்கிறான்.

"வந்தேன்னு நீயா போட்ட?"

"நான்தான் போட்டேன் அண்ணி" என்றான் அவன். "நாட்டார் எங்கம்மாவக் கூப்ட்டாரு. யாராவது பதில் சொல்லணுமில்ல. சும்மா இருக்க முடியல."

நதியாவுக்கு மூச்சு வந்தது. மனுஷன் கை எழுதியதுதான். மாமனாரிடமும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பினதாகத் தெரியவில்லை. "எவன் எழுதினா இன்னா. நான் கூப்ட்டேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பிரகாஷ் அந்த ஊர் வழியாக வந்தவன் அவளை அழைத்துப்போய்க் காட்டினான். பிள்ளைகள் திருப்பூர் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த குப்பம்மாள் வீட்டின் வாசல் சாணி போட்டு மெழுகியிருந்தது. விரல் வளைந்து வளைந்து போன தடம் ஈரமாக இருந்தது. பூட்டு துருப்பிடித்துப் பூட்டினபடி தொங்கியது. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் நான் இல்லை என்றார்கள். நல்ல வெயிலில் நின்றபடி நதியா அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் காலடிக்குப் பக்கத்தில்தான் அந்தத் தடம் முடிந்திருந்தது, மெழுகிக்கொண்டே வந்தவள் இவளைப் பார்த்து நிமிர்ந்தது போல.

சேதி திருப்பூருக்குப் போனது, தோட்டத்துக்கும் போனது. பயந்து ஒதுங்குவார்கள் என்று நதியா நினைத்தாள். நடந்தது வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப் பெயர்கள் வந்தன. போட்டோ இருக்கும் இடத்தில் ஆதார் அட்டையிலிருந்து எடுத்த முகம், மாலை போட்ட படத்தை அப்படியே செல்போனில் பிடித்த முகம். கிணற்றில் விழுந்த பையன், பிரசவத்தில் போன பெண், பாம்பு கடித்தவன். கூப்பிடச் சொல்லி அவரவர் வீட்டுக்காரர்களே கணக்குத் திறந்திருந்தார்கள். கும்பிட்டு வந்து நிற்கிற பேரை நாட்டார் கூப்பிடாமல் தள்ள முடியாது. அது சட்டம். அவர் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்தது.

மலையில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கூட்டத்துக்கு வருகிறவர்கள் பாறையில் நெருக்கி உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நாய்கள் அந்த இடைவெளிகளைச் சுற்றிக்கொண்டு போயின. காலி ஜீப்பை மேலே ஓட்டி வந்த பிரகாஷ் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். "லோடு ஏத்தின மாதிரி இழுக்குது" என்றான். மாமியார் மங்கம்மாள் வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டாள்.

"இன்னா பண்றீங்க நீங்க? அவிழ்த்து அனுப்பினதையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டு இங்க நெறைக்கிறீங்களே."

"கும்பிட்டு வந்து நிக்குது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் அவர். அவர் குரல் அந்த நாட்களில் ரொம்ப மெதுவாகப் போயிருந்தது. உயிரோடு இருக்கிறவர்களைக் கூப்பிடும்போதும் தூங்குகிறவர்களை எழுப்புவது போலக் கூப்பிட்டார். பேர் தெரிந்ததா தெரியாததா என்று யோசிப்பதை விட்டுவிட்டார். நதியா எதைப் படித்தாலும் சொன்னார்.

அது நதியாவுக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பெயர்களுக்கு நடுவே, திரையில் இல்லாத ஒரு பெயரைப் படித்தாள்.

"ராஜேஸ்வரி."

"ராஜேஸ்வரி, வந்தியா?" என்றார் நாட்டார்.

அந்தப் பேரில் யாரும் கணக்குத் திறக்கவில்லை. பதில் எழுத ஆளே இல்லை. நதியா திரையைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அவள் அடுத்த பேருக்குப் போனாள். அதற்குள் அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில், மலை ஏறி வந்தவர்களுக்கு வருகிற மூச்சிரைப்புக் கேட்டது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு நடந்து போகிற வழி முழுக்க அந்த மூச்சு அவளுக்கு ஓர் அடி பின்னால் வந்தது. ஏற்றத்தில் அவள் நின்றால் அதுவும் நின்றது.

அம்மா வந்துவிட்டாள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது அவள் நினைத்திருந்த வருகையாக இல்லை. பேச்சில்லை, தொடுதல் இல்லை. அவள் சமைத்தால் வாசற்படியில் யாரோ நிற்கிற கனம். துணி துவைத்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு காத்திருப்பு. வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குள் கால் வைக்கத் தெரியாமல் நிற்கிறவளின் சங்கடம் அது. மன்னிப்புக் கேட்கலாமென்று ஒருநாள் வாயைத் திறந்தாள். யாரைப் பார்த்துக் கேட்பதென்று தெரியவில்லை.

எல்லாம் முடிவுக்கு வந்தது தை பிறந்த பிறகு. அன்று வந்த பெயர்களில் ஒன்றைப் பார்த்து நதியா தயங்கினாள். "துரைக்கண்ணு நாட்டார்" என்று இருந்தது. வேடியப்பனின் அப்பா, இவருக்கு முன் அந்தக் கல்லில் இருந்தவர். எந்தப் பேரன் திறந்தானோ தெரியாது. அவள் படித்தாள்.

வேடியப்பன் கூப்பிடவில்லை. கல்லைவிட்டு எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே இறங்கி நின்றார். ஒரு கல்லில் இரண்டு நாட்டார் இருக்க முடியாது.

செல்போன் காலிக் கல்லையே காட்டிக்கொண்டிருந்தது. திருப்பூரிலிருந்து ஒருவன் எழுதினான்: 'நாட்டார் ஏன் பேசாம உக்காந்துனு கீறாரு?' இன்னொருவன் எழுதினான்: 'கண்ணாடி போட்டுனு கீறாரே, எப்பலேர்ந்து?' வேடியப்பன் கண்ணாடி போடுகிறவர் இல்லை. நதியா அந்த இரண்டையும் படிக்கவில்லை. ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"அப்பாவ நான் கூப்பிடல" என்றார் கல்லைப் பார்த்து. "ஆனா வந்துட்டீங்க. உங்க முன்னாடியே முடிச்சிடறேன். எல்லாப் பேரையும் படிம்மா."

மேற்கே திரும்பி நின்றார். நதியா படிக்கப் படிக்க ஒவ்வொருவரையாக அவிழ்த்தார். "குப்பம்மா, இனி உன்னக் கூப்பிட மாட்டேன், நீ போ." ஒவ்வொன்றுக்கும் பாறையின் நடுவிலிருந்த இடைவெளியில் காற்று லேசாக விலகியது. கோகுல்ராஜ் அந்தப் பக்கத்திலிருந்து அழுகிற முகம் ஒன்றைப் போட்டான், பிறகு லைவை விட்டுப் போனான். வெயில் உச்சிக்கு வருகிறவரை அது நடந்தது. கடைசியாகக் கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து அதைக் கையால் தடவிப் பார்த்தார். கல் சுட்டது போலிருக்கிறது, கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னொரு பேர் இருக்குது மாமா" என்றாள் நதியா. "ராஜேஸ்வரி."

அவர் திரும்பினார். "நம்ம நாட்டுல அந்தப் பேர் இல்லியே. யாரது?"

"எங்கம்மா."

அவர் கோபப்படவில்லை. அவளுக்குப் பின்னால் ஓரிடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சம்பந்தியைப் பார்த்தால் செய்வது போலத் தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டார்.

"அத அவிழ்க்க எனக்குப் பாத்தியதை இல்லம்மா. இந்த நாட்டு ஆள் இல்ல. வழியும் தெரியாது அவங்களுக்கு. நீதான் கூட்டிட்டுப் போய் வுடணும்."

மறுநாள் காலை நதியா கிளம்பினாள். பிரகாஷ் கொண்டுவிடுகிறேன் என்றான். வேண்டாமென்று பஸ்ஸில் போனாள். நிற்க இடமில்லாத கூட்டம். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை, கேட்கவும் இல்லை. வளைவுகளில் அவள் தன்னையறியாமல் இடது கையை நீட்டித் தாங்கிப் பிடித்தாள். ஆலங்காயத்தில் இறங்கி, தம்பி அருளின் வீட்டுக்கு நடந்தாள். அம்மா இருந்த வீடு அது. வாசலில் நின்று, "வூடு வந்துடுச்சும்மா. உள்ள போ" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்த மூச்சு அவளைத் தாண்டிப் போனது.

அப்போதுதான் அழுதாள். தம்பி ஓடிவந்து, "இன்னாக்கா, இன்னா ஆச்சு?" என்று கேட்கக் கேட்க, படியிலேயே உட்கார்ந்து, சாவன்று வராத அழுகையை அழுது தீர்த்தாள். சாயங்கால பஸ்ஸில் திரும்பினாள். பக்கத்தில் ஒரு கிழவி பலாக்கொட்டைப் பையோடு வந்து உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் தூங்கினாள்.

நாட்டாரின் லைவ் இப்போதும் நடக்கிறது. முகத்தைக் காட்டுகிறவர்களை மட்டும்தான் கூப்பிடுகிறார். பெயர் படிக்கிற வேலையை நதியா விட்டுவிட்டாள். பிரகாஷ் படிக்கிறான். அவள் புதூர்நாட்டில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ போட்டிருக்கிறாள். செத்தவர்களைச் சேர்த்து ஒட்டித் தரச் சொன்னால் செய்வதில்லை.

போன வாரம் அருளின் மனைவி பூஜா போன் செய்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று என்னென்னவோ பேசிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி, கொஞ்ச நாளா அளவாத்தான் அரிசி போடறேன். ஒரு ஆளுக்குக் கம்மியாவே ஆவுது. யார் துன்றாங்கன்னே தெரியல."

"கூடப் போடு பூஜா" என்றாள் நதியா.