யார் ஏறிய படிகள்

எண்ணூருக்கு அப்பால் கடல்நடு மணல்திட்டில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் இந்த மழைக்குத் தாங்காது என்றார்கள். அக்காவும் நானும் நேற்றுப் படகில் பார்க்கப் போனோம். டீசல் வாடை அடித்ததும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது. நைனா கூட்டிவந்த அன்று உள்ளங்கையில் துரு ஒட்டிய கைப்பிடியும், சுற்றிச் சுற்றி ஏறிய படிகளும், சுவருக்குள் உறுமிய காற்றும் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன. இப்போது திட்டே இல்லை; அலை நேராகச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு நாம ஏறனோமே, ஞாபகம் இருக்குதாக்கா?” என்றேன்.

“நீ எங்கடி ஏறன? பயந்துபோயி படகுலயே அழுதுகினு கெடந்த. நானும் நைனாவும்தான் ஏறனோம். வூட்டுக்கு வந்து ஒரு வாரம் உனுக்கு அதையே சொல்லிகினு இருந்தேன்” என்றாள்.

கேட்கலாமென்றால் நைனா உயிரோடு இல்லை. உச்சியிலிருந்து பார்த்தபோது கீழே படகில் ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.