லுவா அக்காவின் புருஷன் முகம்

ஹனோயில் எங்கள் படக்கிடங்கு இருக்கும் சந்து முனையில் லுவா அக்கா தேநீர்க் கடை போட்டது வியாபாரத்துக்காக இல்லை. வியாபாரம் பண்ணத் தெரிந்தவள் யாராவது அவ்வளவு கசப்பாகப் பச்சைத் தேநீர் போடுவாளா? குட்டி முக்காலிகள் சில, ஒரு வாளி ஐஸ், ஜாடியில் கடலை மிட்டாய். கை கிளாஸ் கழுவும், கண் எங்கள் வாசல் கதவிலேயே இருக்கும்.

போர்க்காலத்தில் ராணுவத்துக்காக எடுத்த படச்சுருள்கள் அந்தக் கிடங்கு நிறைய அடுக்கியிருந்தன. அதைத் துடைத்து, அறுந்ததை ஒட்டி, மறுபடி சுற்றி வைப்பது என் வேலை. கெட்டுப்போகிற சுருள் காடி மாதிரி நாறும். நான் வீட்டுக்குள் நுழைந்தாலே என் புருஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஊறுகாய் ஜாடி வந்தாச்சு" என்பான். அவனுக்கென்ன, உட்கார்ந்து தின்கிறவன்.

லுவா அக்கா தாய் பிங் பக்கத்துக் கிராமத்துக்காரி. புருஷன் டியெப் கல்யாணமான கையோடு தெற்கே சண்டைக்குப் போய், குவாங் திரியில் செத்துப்போனான். உடம்பும் வரவில்லை, எலும்பும் வரவில்லை. அவனுடைய படைப்பிரிவைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு துண்டுப் படம் காட்டியதாக ஊரில் யாரோ சொல்ல, இவள் நடவைப் பாதியில் போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டாள். முழுச்சுருள் எங்களிடம் இருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டுப் படையல் மேடையில் வைக்கப் புருஷன் முகம் வேண்டும். எங்கள் பக்கம் செத்தவருக்குப் படம் இல்லாமல் ஊதுபத்தி கொளுத்தினால், அது யாருக்குப் போகிறதென்றே தெரியாது என்பார்கள். அவள் வீட்டு மேடையில் மாமியார் படத்துக்குப் பக்கத்தில் டியெப்புக்கென்று இருந்தது, தியாகி என்று அரசாங்கம் கொடுத்த சிவப்புக் கரை போட்ட சான்றிதழ் மட்டும்தான். டியெப்பின் போட்டோ ஒன்று இருந்ததாம், அதையும் மாமியார் யார் கண்ணிலும் காட்டாமல் தன் பெட்டியில் பூட்டியே வைத்திருந்தாளாம். மாமியார் சாகும்போது, "என் பிள்ளையை என்னோட அனுப்புங்க" என்று பிடிவாதம் பிடித்ததால் அதைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். எங்கள் வழக்கப்படி மூன்று வருஷம் கழித்து எலும்பைக் கழுவி மறுபடி அடக்கம் பண்ணத் தோண்டியபோது போட்டோ சேறாகக் கிடந்தது. அந்தக் கிழவியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. போகிறவள் போக வேண்டியதுதானே!

மத்தியானம் சோறு உள்ளே போனதும் எங்கள் மேலாளர் மேஜைமேல் கட்டையை நீட்டிவிடுவார். அந்த நேரம் பார்த்து லுவா அக்காவை உள்ளே கூட்டிவந்து, சின்னத் திரையுள்ள மேஜையில் அந்தச் சுருளை ஓட்டிக் காட்டுவேன். ஓட்ட ஓட்ட அது இன்னும் தேயும் என்று தெரியும். இருந்தாலும் அவள் மூஞ்சியைப் பார்த்து எப்படி மறுப்பது?

"நிறுத்து மியென், நிறுத்து! இவர்தான்!"

"எவரு? மண்வெட்டி வச்சிருக்கறவரா?"

"ஆமா. அந்தத் தோள் அவரோடதேதான்."

அடுத்த தடவை, சோற்றுருண்டை தின்கிறவன்தான் டியெப் என்றாள். அதற்கடுத்த தடவை, ஆற்றில் துப்பாக்கியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போகிறவன். சுருளின் கடைசியில் பதுங்குகுழியிலிருந்து எதிரிகளான சைகோன் படைக்காரர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். முதலில் வருகிறவனைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. "த்தூ! பாரு, தொடை நடுங்கறதை. இவனுங்கதான் என் குடியைக் கெடுத்தவனுங்க" என்று பல்லைக் கடிப்பாள்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "என்னக்கா இது, மண்வெட்டிக்காரரும் புருஷன், சோறு திங்கறவரும் புருஷனா? நாளைக்குத் தளபதியையும் காட்டி இவர்தாங்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. கூம்புத் தொப்பியை எடுத்து மூஞ்சியை மறைத்துக்கொண்டாள்.

"எனக்கு அவர் மூஞ்சி ஞாபகம் இல்ல மியென்."

"என்னது?"

"கல்யாணத்தன்னிக்கு, குண்டு போடற விமானம் பாத்துடும்னு விளக்கைத் தகரத்தால மூடி வச்சிருந்தாங்க. பகல்ல மாமியார் முன்னால நிமிந்து புருஷனைப் பாத்தா ஊரே சிரிக்கும். நான் அவர் சட்டைப் பொத்தானைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்கு மேல பாக்கறதுக்குள்ள அவரைக் கூப்பிட்டுட்டாங்க. கொழுந்தன் சான் அப்போ பால்குடி, அவனைக் கேட்டு என்ன பிரயோஜனம்? நான் செத்து அங்க போனா எத்தனை பட்டாளத்துக்காரங்க நிப்பாங்க! அதுல யார்கிட்டப் போய் நிக்கறதுன்னு நீயே சொல்லு."

நான் சுருளை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன்.

போர்த் தியாகிகள் தினத்துக்காக அந்தப் படைப்பிரிவில் மிஞ்சியிருந்தவர்களை அலுவலகம் அழைத்திருந்தது. பெரிய திரையில் படம். மார்பெல்லாம் பதக்கம் குத்திக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். லுவா அக்காவைப் பின்வரிசையில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். இவர்களில் ஒருவராவது டியெப்பை அடையாளம் காட்டமாட்டாரா என்று அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படம் ஓடியது. மண்வெட்டிக்காரன் வந்தான், யாரோ வேறு பேர் சொன்னார்கள். சோறு தின்றவன் வந்தான், "அது நான்தான்டா, எவ்வளவு முடி பாரு!" என்று ஒரு மொட்டைத்தலை கத்தியது. அக்காவின் பிடி தளர்ந்தது. கடைசியில் பதுங்குகுழியிலிருந்து அந்த முதல் ஆள் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். முன்வரிசையில் ஒரு கையை இழந்த மனிதர் எழுந்து நின்று, "டேய் டியெப்! கையை இன்னும் ஒசத்துடா!" என்று கத்தினார். கொல்லென்று எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா அசையவே இல்லை.

விளக்குப் போட்டதும் நான் அந்த மனிதரை இழுத்துக்கொண்டு வந்தேன். பேர் க்வாங். டியெப்போடு ஒரே குழியில் தூங்கியவராம். டியெப்பின் பெண்சாதி இவள்தான் என்றதும் அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. படம் எடுக்கறவர் வந்து சேரும்போது சண்டை முடிஞ்சு போச்சு. கையில இருக்கறது ஒரே ஒரு சுருள், வெறுங்கையோட திரும்ப முடியாது. சரி, மறுபடி சண்டை போட்டுக் காட்டுங்கடான்னாரு. அப்போ எதிரியா யாராவது நிக்கணுமே! செத்த எதிரிங்க சட்டையைப் போட்டுக்க எவனும் வரல. டியெப்தான் ஒல்லி, சட்டை அவனுக்குத்தான் பொருந்துச்சு. முதல்ல அவனைத் தள்ளிவிட்டோம், பின்னால இன்னும் சிலர் போட்டுக்கிட்டாங்க."

"அவர் மாட்டேன்னு சொல்லலியா?"

"சொன்னான். ஊர்ல யாராவது பாத்தா மானம் போயிடும்னான். அப்புறம் அவனே சிரிச்சுக்கிட்டு..." க்வாங் நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க."

"என் பொண்டாட்டி என்னை நிமிந்தே பாக்கல, அவளுக்கு அடையாளமே தெரியாது, அதனால பரவால்லன்னான்."

லுவா அக்கா அழவில்லை. "அந்த நடுக்கம் நடிப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

க்வாங் தரையைப் பார்த்தார். "எங்ககிட்ட வெறும் துப்பாக்கி ஏது அண்ணி? எல்லாத்துலயும் குண்டு இருந்துச்சு. எங்க விரல் விசையிலதான் இருந்துச்சு. அவன் நெஜமாவே பயந்தான். அதுக்கடுத்த சண்டையிலதான் போயிட்டான்."

மேலாளருக்குத் தெரியாமல் அந்த ஒரு காட்சியை போட்டோவாகப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பழைய படங்களைப் பார்த்து வரைகிறவன் ஒருவன் தெருவில் கடை வைத்திருந்தான். "அக்கா, குடு, எதிரி தொப்பியை எடுத்துட்டு நம்ம தொப்பி, சிவப்பு நட்சத்திரம் எல்லாம் போட்டுக் குடுக்கறேன். மூஞ்சியையும் கொஞ்சம் தைரியமா ஆக்கிடலாம்" என்றான். அவள் போட்டோவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "மறுபடி வேற யாரோவா ஆக்கறதுக்கா இத்தனை அலைஞ்சேன்?"

அந்த வருஷத் திதிக்கு என்னையும் ஊருக்குக் கூட்டிப்போனாள். முழுக்கோழி வேகவைத்து, ஒட்டரிசிச் சோறு ஆக்கி, மேடையில் படத்தை வைத்தாள். சைகோன் படையின் இரும்புத் தொப்பி, தூக்கிய கைகள், திறந்த வாய். பங்காளிகள் வந்தார்கள். பார்த்தார்கள். முற்றத்தோடு நின்றுவிட்டார்கள். கொழுந்தன் சான் மட்டும் உள்ளே வந்தான்.

"அண்ணி, உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா? எங்க அண்ணன் தியாகி. எங்க அம்மாவுக்குப் பக்கத்துல சரணடைஞ்சவன் படத்தை வைப்பீங்களா?"

"இது உங்க அண்ணன்தான் தம்பி."

"இருக்கட்டுமே! ஊர்க் கமிட்டிக்காரன் பாத்தா சான்றிதழையே திருப்பி வாங்கிக்குவான். எடுங்க, எடுத்தாத்தான் நான் ஊதுபத்தி ஏத்துவேன்."

"அப்ப நீங்க ஏத்த வேண்டாம். இத்தனை வருஷம் ஒரு காகிதத்துக்குச் சோறு போட்டேன். இன்னிக்குத்தான் மனுஷன் வந்திருக்காரு. பயந்த மனுஷன்தான், பரவால்ல."

சான் செருப்பை மாட்டினான். அவன் பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள். முற்றத்தில் விரித்த பாய்கள் அப்படியே கிடந்தன. இனி இந்த வீட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கா வராது, இவள் செத்தாலும் தூக்க நாதியில்லை என்று எனக்குக் கண்கூடாகத் தெரிந்தது. அவளுக்கும் தெரியாமலா இருக்கும்?

அவள் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டாள். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேதான் நின்றாள். பிறகு குனிந்தபடியே கேட்டாள்.

"மியென், அவர் என்னைப் பாக்கறாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை ஓட்டியவள் நான், அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லக்கா. துப்பாக்கியைப் பாக்கறாரு."

"சரி" என்றாள் லுவா அக்கா. "நானாவது பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.