நெருஞ்சிக்கு நாலு செங்கல்

வளைகுடாவில் வேலை பார்க்கும் என் தம்பி ஜெபராஜ் தினமும் காலையில் வீடியோ கால் பண்ணுகிறான். அக்காவின் முகத்தைப் பார்க்க அல்ல. புல்லைப் பார்க்க.

கேமராவைக் கொஞ்சம் கீழே காட்டச் சொல்லுவான். காட்டுவேன். அங்கே அவனுக்கு வேலைக்குக் கிளம்புகிற அவசரம், இங்கே என் அடுப்பில் பால்... இருந்தாலும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். போன வியாழக்கிழமையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அது நடந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் புல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் காலி இடம். தெருவில் எல்லோரும் பேவர் பிளாக் போட்டுவிட்டார்கள். நாங்கள் போடவில்லை. இயற்கை மேல் பற்று என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்... உண்மையில் சோம்பல்தான். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் தோட்டத் திறமை தெரியும். பிளாஸ்டிக் பூவைக்கூட வாட வைக்கிற கை!

அந்த உப்பு மண்ணில் புல் தானாகத்தான் வந்தது. முதலில் கோரை. அப்புறம் அருகம்புல். அப்புறம் பொடுதலை. தரையோடு தரையாகப் படர்ந்து, மிளகு அளவுக்கு வெள்ளைப் பூ வைக்கிற கொடி அது. நடுவில் குப்பைமேனி, கீழாநெல்லி, ஓரத்தில் கொஞ்சம் நெருஞ்சி. இதற்கு லான் என்று பெயர் வைத்தால் லான் வைத்திருக்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் மார்கழியில் விடியும்போது பார்க்க வேண்டும். பனி முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கும். துறைமுகத்தில் ஏதாவது ஒரு கப்பல் நீளமாக ஊதும். சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் எழுந்திருக்கும். நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நிற்பேன்.

அந்தப் புல்லில்தான் என் வீட்டுக்காரர் நடை பழகினார்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். வேலை பார்த்த காலமெல்லாம் மேலே கேபினில். அங்கிருந்து பார்த்தால் கப்பலெல்லாம் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும் என்பார். ரிட்டயர் ஆகி ஒழுங்காகத் தரையில் கால் வைத்த பிறகு, போன ஆடியில், ஸ்ட்ரோக் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கையும் திரும்பிவிட்டது. இடது காலில் மட்டும் உணர்ச்சி இல்லை; அசையும், அவ்வளவுதான். சுடுதண்ணீர் ஊற்றினாலும் தெரியாது. நாள் கடத்தினால் உணர்ச்சி வருவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு புல்லில் நடக்கச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட்.

நடந்தார். தினமும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பனியில். டிசம்பரில் ஒரு நாள் அப்படியே நின்றார். குனிந்து இடது காலைப் பார்த்தார்.

"ஏளா, லேசா ஈரமா இருக்கு" என்றார்.

அன்றைக்கு நான் பால் பொங்கியதைப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்குத் தம்பி வந்தான். அவனுக்கு அத்தான் என்றால் உயிர். வந்த மறுநாளே அத்தான் காலை மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்த்தான். தேய்த்தவன் கை நின்றுவிட்டது. இடது பாதத்தில் ஒரு நெருஞ்சி முள் ஆழமாக ஏறி, ரத்தம் காய்ந்து கிடந்தது. அத்தானுக்குத் தெரியவே இல்லை. அவர் முந்திரி மக்ரூன் இனிப்பைக் கடித்துக்கொண்டு பழைய கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி முள்ளை எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் சர்ச்சுக்குப் போனோம். தம்பி தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். திரும்பி வந்து ஆட்டோவை விட்டு இறங்கினால் ஒரு மாதிரி நெடி. தம்பி மாஸ்க் போட்டு, தொப்பி வைத்து, முதுகில் ஸ்பிரேயரோடு நிற்கிறான். புல் முழுக்க மினுமினு என்று ஈரம்.

களைக்கொல்லி.

அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி! நான் கத்தியதில் அது காணாமல் போய்விட்டது.

"அத்தான் காலுல முள்ளு ஏறிக் கிடந்துச்சிக்கா. அவுகளுக்குத் தெரியவே இல்ல. எனக்கு மனசு கேக்கல" என்றான்.

இதற்கு மேல் ஒருவனை எப்படித் திட்டுவது? நான் ஹோஸ் பைப்பை எடுத்துப் புல் முழுக்கத் தண்ணீர் அடித்தேன். களைக்கொல்லி விற்ற கடை அண்ணாச்சிக்கு போன் போட்டேன். இலையில் காய்ந்துவிட்டால் கழுவிப் பிரயோஜனமில்லை, கொஞ்ச நாளைக்கு யாரும் அங்கே கால் வைக்க வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னார்.

ஒரு வாரத்தில் எல்லாம் பழுத்துவிட்டது. வண்ணத்துப்பூச்சிகளைக் காணோம்.

நம் குடும்பங்களில் பிரியம் காட்டுகிறவர்கள் யாராவது அனுமதி கேட்கிறார்களா? வருஷக்கணக்கில் பழக்கி வைத்த தோசைக்கல்லை, நாம் வெளியே போன நேரம் பார்த்து சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைக்கிற நாத்தனார் எல்லோர் வீட்டிலும் உண்டு. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவும் முடியாது. அவள் கை வலிக்கத் தேய்த்திருப்பாள். அடுத்த நாள் தோசை ஒட்டும்போதுதான் நமக்கு அழுகை வரும்.

டைல்ஸில் நடக்க வைத்துப் பார்த்தேன். கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். மணல் காலை உள்ளே இழுத்தது, தடுமாறினார். வீட்டுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, செத்த புல்லைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தரையில வச்சா அது யார் காலோ. புல்லுல வச்சாத்தான் என் காலுன்னு தெரிஞ்சிது. விடு" என்றார்.

நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். தம்பிக்கும் கேட்டிருக்கும்.

வளைகுடாவுக்குக் கிளம்புவதற்கு முன் அவன் ஒரு காரியம் செய்தான். செயற்கைப் புல் வாங்கி வந்து விரித்தான். அவன் வேலை பார்க்கிற ஊரில் எங்கே பார்த்தாலும் அதுதானாம். பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. அத்தான் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலிக்கே திரும்பினார். இப்போது அந்தப் புல் தண்ணீர் மோட்டாரை மூடிக் கிடக்கிறது. அதன்மேல் பூனை தூங்குகிறது. அதற்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

தம்பி போன பிறகு நான் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். முதல் பச்சையாகக் கோரை வந்த அன்றிலிருந்துதான் இந்த வீடியோ கால். அதன்பின் அருகு. போன மாதம் ஒரு கோடை மழை அடித்தது... பொடுதலை ஒரு மூலையிலிருந்து மெதுவாகக் கிளம்பியது. ஆனால் அவற்றில் முதலில் மஞ்சளாகப் பூத்து, முள்காயும் பிடித்து நின்றது எது தெரியுமா? நெருஞ்சி. எதைக் கொல்ல அடித்தானோ அதேதான்.

ஆனால் இவர்தான் நாற்காலியை விட்டு எழவில்லை. தினமும் தம்பி, அத்தான் நடக்கலையா என்று கேட்பான். நாளைக்குப் பார்ப்போம் என்பார் இவர். டாக்டர் எச்சரித்தபடியே நாள் கடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் பேசுவதே இல்லை.

வியாழக்கிழமை. முந்தின நாள் தூறல் போட்டிருந்தது. புல் நனைந்து கிடந்தது. கடல் பக்கமிருந்து வெளிச்சம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. நான் போனைத் தரைக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். திரையின் ஓரத்தில் ஒரு கால் வந்தது. செருப்பில்லாத கால். பின்னாலேயே இன்னொன்று, லேசாக இழுத்துக்கொண்டு. யாரும் கூப்பிடவில்லை. அவராகவே இறங்கியிருக்கிறார். கனவில் நடக்கிறவர் போல எங்கள் எதிரே புல்லின் நடுவே போனார். பிடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

திடீரென்று, "யம்மா!" என்றார்.

ஓடினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார்.

"ஏளா, குத்துது."

 போனுக்குள்ளிருந்து தம்பியின் குரல், மிகச் சன்னமாக.

"அக்கா... எந்தக் காலு?"

நான் கேமராவைத் திருப்பிக் காட்டினேன். இடது கால். நடுப் பாதத்தில் ஒரு நெருஞ்சி முள், ஒரு சொட்டு ரத்தம். அதற்குப் பிறகு அவன் என்ன பார்த்தான் என்று தெரியாது. போனை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை தேம்பித் தேம்பி அழுவது மட்டும் கேட்டது. முள் குத்தியவர், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எங்கள் இருவர் மேலும் எரிந்து விழுந்தார். வலிக்கிறதாம், முதலில் முள்ளை எடுக்க வேண்டுமாம்.

எடுத்தேன். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எடுத்தேன்.

இப்போது தினமும் நடக்கிறார்.

அந்த நெருஞ்சியைச் சுற்றி நாலு செங்கல் வைத்திருக்கிறேன். யாராவது தெரியாமல் மிதித்துவிட்டால் செடிக்கு என்ன ஆவது?