கோலுவுக்கு அரைக்காத தானியம்

வறுத்த கம்பை முறத்தில் பரப்பி விரல்கள் மணி மணியாகத் தள்ளின. கல் ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம். லேசாகக் கருகியதைக்கூட அந்தக் கை விட்டுவைக்கவில்லை.

டெல்லி ஜனக்புரித் தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்து வருடமாகச் சத்துமாவு அரைத்துக் கொடுப்பவர் உஷாராணி, திருநெல்வேலிக்காரர். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கருக்கி, கொட்டி, மறுபடி வறுத்துப் படிந்த வேலை. மாவு விரலில் நெருடினால் திரும்பச் சலிப்பார்.

அன்று கீழ்வீட்டு ஜெகன் ஒரு கூண்டோடு வந்து நின்றார். வங்கி அதிகாரி. கூண்டுக்குள் அவர் மகள் இந்துஜா வளர்க்கும் ஹாம்ஸ்டர் எலி, கோலு.

"என்ன அண்ணாச்சி, எலியா இது, இட்லியா?"

"சிரிக்காதேம்மா. இருநூத்திப் பத்து கிராம். இப்படியே போனா இதயம் தாங்காதுன்னுட்டார் டாக்டர். ரெண்டு மாசத்துல இந்து புனேலேர்ந்து வரா. என்னை நம்பி விட்டுட்டுப் போனா."

"என்ன கொடுத்தீங்க?"

"சூரியகாந்தி விதை. அப்புறம்... செவ்வாய்க்கிழமை அனுமார் மந்திர்ல பிரசாதமா தர்ற பூந்தி."

"பூந்தியா! வெளங்கிரும்."

டாக்டரின் பட்டியலை வாங்கிப் படித்தார் உஷாராணி. தினை, கம்பு, ஓட்ஸ், கோதுமை, கொஞ்சம் பூசணி விதை. எல்லாம் சுத்தம் செய்து, கைப்பழக்கத்தில் பட்டுப்போல அரைத்தும் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் ஜெகன் ஓடிவந்தார். "மாவு கன்னத்துப் பையில ஒட்டிக்கிச்சும்மா! டாக்டர் கழுவி எடுத்தார். பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்குமாம், கடிச்சுத்தான் தின்னணுமாம். திட்டித் தீர்த்துட்டார்."

உஷாராணியின் முகம் சுருங்கியது. அந்த நைஸ் மாவால்தான் அவருக்குப் பெயரே. மிக்ஸியை மூடிவைத்தார்.

மறுநாளிலிருந்து கூண்டுக்கு முழுத் தானியமே போனது. கிண்ணம் தினமும் காலியானது, எடை மட்டும் இறங்கவில்லை. நம்பிக்கையில்லாமல் தானே போய்க் கூண்டின் மரத்தூளைக் கிளறினார். மூலையில் தினையும் கம்பும் குவிந்து கிடந்தன. பூசணி விதை ஒன்றுகூட இல்லை.

"கள்ளப்பய! ருசியானதைத் தின்னுட்டு மிச்சத்தைப் பதுக்குதான். நீங்க காலிக் கிண்ணத்தைப் பார்த்து மறுபடி நிரப்புதீங்க."

"அச்சா! என்னையே ஏமாத்திட்டானா?"

அதன்பின் ஒரு சிறு கரண்டிதான். பதுக்கியது தீர்ந்தால்தான் அடுத்தது. விதை வாரத்தில் இரண்டு நாள். வெள்ளரியும் வெந்தயக்கீரையும் நகமளவு, மிஞ்சினால் அழுகுமுன் எடுத்துவிட வேண்டும். புரதத்துக்கு அவித்த முட்டையில் ஒரு கிள்ளு என்றதும் ஜெகன் பதறினார்.

"எங்க வீட்ல முட்டையா?"

"உங்களுக்கா ஊட்டப் போறேன்? என் வீட்ல அவிச்சுக் கொண்டாரேன், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."

ஞாயிறுதோறும் கோலு ஒரு டப்பாவில் உட்கார்ந்து தராசில் ஏறினான். நூற்றுத் தொண்ணூறு. நூற்று எழுபத்தாறு. எட்டாவது ஞாயிறு, நூற்று அறுபது! சக்கரத்தில் அவன் ஓடிய ஓட்டத்தில் கூண்டே ஆடியது. யார் கலந்தது என்று விசாரித்த டாக்டர், தன்னிடம் எலியைக் கொண்டுவரும் இன்னும் நாலு பேருக்கும் இந்தக் கலவை வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

இந்துஜா வந்த அன்றே, தோளில் கோலுவோடு மாடியேறி வந்தாள்.

"ஆன்ட்டி, இவன் நிஜமாவே என் கோலுதானா? அப்பா ஆள் மாத்திட்டாரோன்னு நினைச்சேன்!"

"அவனேதான். இந்தா, அவன் தானியம். எடுத்துட்டுப் போ, ஒரு மாசத்துக்கு வரும்."

ஈரம் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை விரலால் கிளறிப் பார்த்து, மூடியை இறுக்கி, பாட்டிலை அவள் கையில் வைத்தார் உஷாராணி.