சுமதியின் காலில் வந்த சிவப்புத் தடங்கள்

உத்திரமேரூர் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது, ஒரு நாள் காலை ஓ.பி.யில் ஒரே கூச்சல். மானாம்பதியில் நாற்று நடப் போகும் சுமதியை அவள் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் கருஞ்சிவப்புத் தடங்கள்.

"பாருங்க சிஸ்டர், கட்னவன் அடிச்சிக்கினு கீறான். இவ வாயத் தொறக்க மாட்டேங்கறா. போலீசுக்கு எழுதிக் குடுங்க."

கணவன் ஏழுமலை வெளியே சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றான். உள்ளே வரவில்லை. எனக்கும் அவன் மேல்தான் சந்தேகம்.

அண்ணனை வெளியே அனுப்பி, ஸ்கிரீனை இழுத்துவிட்டுக் கேட்டேன். "இங்க யாருமில்ல, சொல்லும்மா. அடிச்சாரா?"

"இல்லக்கா. தானா வருது. இன்னான்னே தெரில."

அடிபட்டு வருகிறவர்கள் வழுக்கி விழுந்தேன் என்பார்கள், மாடு முட்டியது என்பார்கள். தானாக வருகிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனாலும் நான் நம்பவில்லை.

டியூட்டி டாக்டர் அம்மா தடத்தை விரலால் அழுத்தினார். "தொட்டுப் பாருங்க சிஸ்டர், இது அடிபட்ட தடம் மாதிரி இல்ல." ஒவ்வொன்றும் தடித்து மேடாக இருந்தது. அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் சரியாக இருந்தது. யூரினில் புரோட்டீனும் ரத்தமும் போயின. கை மூட்டுகளில் வலி வேறு. டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்.

"கேஸ அமுக்கப் பாக்கறீங்களா?" என்று அண்ணன் சண்டைக்கு வந்தார்.

அங்கே தோலில் சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸி பார்த்தார்கள், ரத்தமும் டெஸ்ட் செய்தார்கள். லூபஸ் என்ற நோய் என்று தெரிந்தது. ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தவர்களை டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார்:

"கிருமிய எதுக்க வேண்டிய ஆன்டிபாடி, இவங்க உடம்போட சொந்தப் பொருளோடயே போய் ஒட்டிக்குது. அதுக்குப் பேரு இம்யூன் காம்ப்ளெக்ஸ். அது ரத்தத்துல சுத்தி, சின்ன ரத்தக் குழாயோட சுவத்துல படிஞ்சிடுது. உடனே காம்ப்ளிமென்ட்னு சில புரோட்டீன் வேலை செய்ய ஆரம்பிச்சு வெள்ளணுக்களக் கூப்பிடுது. அதுங்க படிஞ்சத அழிக்கறேன்னு குழாயையே புண்ணாக்கிடுது. ரத்தம் கசியுது. கால்ல தெரியறது அதான். கிட்னிலயும் அதேதான் நடக்குது, ஆனா வெளிய தெரியாது."

அந்த காம்ப்ளிமென்ட் செலவாகிக்கொண்டே இருந்ததால்தான் ரிப்போர்ட்டில் சி3, சி4 என்ற அந்தப் புரோட்டீன்கள் இரண்டும் குறைந்திருந்தன.

"அப்ப யாரும் அடிக்கலியா?" என்றார் அண்ணன்.

ஏழுமலை அன்றுதான் வாயைத் திறந்தான். "மொதல்ல பாத்ததே நான்தான் மச்சான். இங்க இட்டாந்தா நான் அடிச்சேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கினு வூட்லயே வச்சிருந்தேன்."

அவன் பயந்தது எங்கள் எல்லோரையும் பார்த்துத்தான்.

ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் தொடங்கினார்கள். தடங்கள் மங்கின. யூரினில் புரோட்டீன் குறைய மாதங்கள் ஆயின. கிட்னி தப்பியது.

புதிதாக வரும் நர்ஸுகளுக்கு இன்றும் சொல்கிறேன்: சந்தேகப்பட்டால் தனியாகக் கேளுங்கள், விடாதீர்கள். ஆனால் யாரும் அடிக்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம். கையோடு யூரின் டெஸ்டுக்கும் அனுப்புங்கள்.