வாசல் கால் பக்கம் இருக்கிறது

அந்தச் சனிக்கிழமை காலை கைத்தொலைபேசி அடித்தபோது திரையில் ஹமீதா மிஸ்ஸின் பெயர்தான் வந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு எடுத்து, ஹலோ கூடச் சொல்லாமல், "ஓம் மிஸ், ஸ்கேனுக்குக் கடிதம் வந்திட்டுது. ஒரு செவ்வாய்க்கிழமை போட்டிருக்கினம்" என்றேன்.  மறுபக்கத்தில் பேசியது அவருடைய மகள் ரிஸ்னா.

"ஆன்டி, உம்மா விடிய சுபஹோட மௌத்தாகிட்டாங்க. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். உங்களுக்கு முதல்ல சொல்லோணும் எண்டு எடுத்த."

 அடுப்பை அணைத்துவிட்டு, உடுத்திருந்த சீலையோடு பஸ் நிலையத்துக்குப் போனேன்.

மீன்பிடி வள்ளங்களைப் பதிவு செய்யும் எங்கள் அலுவலகத்தில் ஹமீதா மிஸ் பத்தொன்பது வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தார். தினமும் கிண்ணியாவிலிருந்து பாலங்களைக் கடந்து வந்து எட்டரைக்கு முன் கையெழுத்து வைத்துவிடுவார். அவரோடு வேலை செய்த உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்; அந்தப் பென்சிலை உங்களுக்குத் தெரியும். ஒருமுறை வள்ளக்காரர் ஒருவர் விண்ணப்பத்தை மூன்று தரம் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று மேசையில் அடித்துச் சத்தம் போட்டார். ஹமீதா மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க. என்னத்துக்குக் கோபம்? ஒண்டொண்டாச் சொல்லுங்க" என்று ஒரு கடதாசித் துண்டில் பென்சிலால் எழுதத் தொடங்கினார். அலைக்கழித்தது ஒன்று. இயந்திர இலக்கம் பிழைத்தது ஒன்று. கடைசியில் குரல் இறங்கி வந்ததுதான் உண்மையானது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதைக் கூட வந்திருந்த மருமகனுக்கு முன்னால் சொல்ல வெட்கம். ஹமீதா மிஸ் மருமகனைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டு, விண்ணப்பத்தைத் தானே வாசித்து நிரப்பிக் கொடுத்தார்.

எனக்கும் அப்படி ஒரு கடதாசி எழுதினார். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

என் அம்மா மார்புப் புற்றுநோயில் போனவர். அதனால் ஆஸ்பத்திரியில் என்னையும் காலத்துக்குக் காலம் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். சென்ற வருடம் மற்றப் பரிசோதனைகளில் தெரியாத ஏதோ ஒன்று, பயறளவில், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. "இது அந்த மெசினில மட்டும்தான் தெரியுது. அதனால அதுக்குள்ள படுக்க வைச்சுத்தான் ஊசியால சதை எடுக்க வேணும். கொழும்புக்குப் போங்கோ" என்றார் டொக்டர். நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கடிதத்தை அலுமாரியில் கூறைச்சீலைக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். கட்டாரில் இருக்கும் கணவருக்குச் சொல்லவில்லை. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளுக்கும் சொல்லவில்லை.

பதினொரு நாள் அப்படிப் போனது.  குளிக்கும்போது கை அந்த இடத்தில் படாமல் குளித்தேன். கடைசி மாதங்களில் அம்மாவின் அறையில் இருந்த மணம் பஸ்ஸிலும் அலுவலகத்திலும் வந்தது. போகாமல் விட்டால் அது வளராது என்று ஒரு நேரம் தோன்றும். இப்போதே வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அடுத்த நேரம் தோன்றும்.

பன்னிரண்டாம் நாள் ஒரு பதிவுப் புத்தகத்தில், வள்ளத்தின் உரிமையாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், என் அம்மாவின் பெயரை எழுதியிருந்தேன். அதைக் கண்டவர் ஹமீதா மிஸ். புத்தகத்தை மூடிவிட்டு என்னைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போனார்.

"என்ன நடந்த?"

சொன்னேன். அவர் 'ஒண்டுமிருக்காது' என்று சொல்லவில்லை. 'பயப்படாதீங்க' என்றும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்தார்.

"என்னத்துக்குப் பயம்? ஒண்டொண்டாச் சொல்லுங்க."

அந்தக் குழாய்க்குள் போவது என்றேன். குப்புறப் படுப்பது, மேலே சட்டையில்லாமல் ஆம்பிளைகளுக்கு முன் கிடப்பது, ஊசி. தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்று யாரோ சொன்னது. கடைசியாக அம்மா. அம்மாவின் பெயரைச் சொன்னதும் அழுதுவிட்டேன். "எனக்கு ஏலாது மிஸ். நான் போகேல்லை."

அவர் எழுதியதை ஒருமுறை வாசித்தார். "உம்மாவப் பத்தின பயத்துக்கு என்னட்ட மருந்தில்ல. அது கிடக்கட்டும். மத்ததெல்லாத்துக்கும் ஏதாச்சும் செய்யலாம்" என்றார். பிறகு சொன்னார்: "பயம் போகாது நிர்மலா. நீங்க போங்க."

அடுத்த மூன்று நாளும் மதிய இடைவேளையில் அந்த ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்துச் சிங்களத்தில் விசாரித்தார். எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் தலை, ஊசி போடும்போது நோகாமல் விறைக்க மருந்து கொடுப்பார்களா, கூப்பிட்டால் கேட்குமா. கையில் ஒரு ரப்பர் பந்து தருவார்கள், அமத்தினால் நிறுத்துவார்கள் என்ற செய்தியை, பரீட்சை முடிவு கொண்டு வருபவர் மாதிரி வந்து சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிண்ணியாவுக்கு வரச் சொன்னார். நடு அறையில் பாய் விரித்து, தலையணைகளை இடைவெளி விட்டு அடுக்கி வைத்திருந்தார். "குப்புறப் படுங்க. கை ரெண்டும் தலைக்கு மேல. அசையக் கூடாது." மெசின் சத்தத்துக்கு நான் பழக வேண்டும் என்று ரிஸ்னா பக்கத்தில் இருந்து சருவச்சட்டியில் அகப்பையால் அடித்தாள். ஹமீதா மிஸ் குசினியில் கிரைண்டரைப் போட்டுப் போட்டு நிறுத்தினார். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. நாலாவது நிமிடம் மூச்சு நின்றது. எழும்பி முற்றத்துக்கு ஓடி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பின்னால் வந்து நிலத்தில் இருந்தார். "என்ன கண்டீங்க?"

யாருக்கும் சொல்லாததை அன்று சொன்னேன். யுத்த காலம்; எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பங்கர் வெட்டியிருந்தார்கள். ஒரு பகல் முழுக்க அதற்குள் பதினொரு பேர் கிடந்தோம். என்னை ஆக உள்ளே தள்ளியிருந்தார்கள். முகம் மண்ணில். ஒவ்வொரு செல் குண்டு விழும்போதும் மண் உதிர்ந்து பிடரியில் விழுந்தது. நான் மூடுபட்டுவிட்டேன் என்றும், மற்றவர்கள் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றும் நினைத்தேன்.

ஹமீதா மிஸ்ஸுக்கும் அந்தக் காலத்துக் கதைகள் இருந்திருக்கும். அவர் அவற்றைச் சொல்லவில்லை. கேட்டது இதுதான்: "வாசல் எந்தப் பக்கம் இருந்த?"

"கால் பக்கம்."

"இதிலயும் கால் பக்கம்தான். நான் கேட்டுப் பாத்த. முகத்துக்கு முன்னால வாசலில்ல, உண்மை. ஆனா கால் பக்கம் திறந்துதான் இரிக்கும். மறுகா ஒருக்காப் படுப்பமா?"

படுத்தேன். இந்த முறை அவர் காலடியில் இருந்து என் குதிகாலில் கையை வைத்திருந்தார். பதினெட்டு நிமிடம் கிடந்தேன்.

கொழும்புக்குப் போகும் நாள் விடியக் காலை பஸ்ஸில் ஏறியதும் தன் கைப்பையிலிருந்து ஒரு சிறு பொதியை எடுத்துத் தந்தார். மஞ்சள் பூசிய கயிறு, அதில் ஒரு விரலி மஞ்சள் கட்டியிருந்தது. "தாலியக் கழட்டினா உங்கட ஆக்கள் இதக் கட்டுவாங்க எண்டு கோயிலடிக் கடையில சொன்ன. கடைக்காரர் என்ட முக்காட்டையும் பாத்தார், கயித்தையும் பாத்தார். ஆருக்கு எண்டு கேட்டார். தங்கச்சிக்கு எண்டு சொன்ன." அன்றுதான் எனக்குப் பயமில்லாத ஒரு பத்து நிமிடம் இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டியதும் அதுவும் போய்விட்டது. அன்று பின்னேரம் போய்ச் சேர்ந்து அவருடைய உறவினர் வீட்டில் தங்கினோம். நான் கண் மூடவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கணவர் கட்டிய தாலியைக் கழற்றி ஹமீதா மிஸ்ஸின் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பையில் வைக்கவில்லை. மணிக்கட்டில் சுற்றிச் சட்டைக் கையால் மூடினார். "பை களவு போகலாம். கை போகாது" என்றார். அவருடைய விரல்கள் என்னுடையவற்றை விடக் குளிர்ந்திருந்தன.

உள்ளே அவருக்கு அனுமதியில்லை. என்னை அந்த மேசையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். மார்பு கீழே ஒரு துவாரத்தில் தொங்க, இரண்டு பக்கத்திலும் தட்டுகளை வைத்து இறுக்கினார்கள். கையில் மருந்து ஏற்ற ஊசி. மேசை உள்ளே போனது. சத்தம் தொடங்கியது. அது கிரைண்டரும் இல்லை, சருவச்சட்டியும் இல்லை. பல்லுக்குள் கேட்டது. மூக்கு வழிந்தது, துடைக்க ஏலாது. மண் மணம் வந்தது. ரப்பர் பந்தை இப்போது அமத்துகிறேன், இப்போது அமத்துகிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அமத்தினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

சத்தம் நின்று மேசை வெளியே வந்தபோது யாரோ என் குதிகாலைப் பிடித்தார்கள். சிங்களத் தாதி ஒருவர். தெரிந்த தமிழில் சொன்னார்: "வெளியே இருக்கிற அக்கா சொன்னது, உங்க காலைப் பிடிக்கச் சொல்லி. வாசல் இங்கே எண்டு சொல்லச் சொன்னது."

விறைக்கும் ஊசி போட்டார்கள். திரும்ப உள்ளே, திரும்ப வெளியே. தடித்த ஊசி இறங்கியபோது நோகவில்லை, ஆனால் இழுப்பது தெரிந்தது. இயந்திரத்தின் உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே வந்த ஒவ்வொரு முறையும் அந்தத் தாதி குதிகாலைப் பிடித்தார். பயம் குறைந்தது என்று சொன்னால் பொய். நான் அசையவில்லை. அவ்வளவுதான்.

காயத்தை அமத்திப் பிடித்துக் கட்டுப் போட்டு என்னை வெளியே விட்டபோது ஹமீதா மிஸ் அதே கதிரையில் இருந்தார். கொண்டு போன தண்ணீர்ப் போத்தல் திறக்கப்படாமலே இருந்தது. "குர்ஆன்ல ஒரு யாசீன் ஓதி முடிக்க ஏலாமப் போச்சு. திரும்பத் திரும்பப் பாதியில நிண்டிட்டு" என்றார். "நானா இருந்தா அந்தக் கதவுக்குள்ளயே போயிருக்க மாட்டன்." அதை அவர் என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

முடிவு வரப் பன்னிரண்டு நாள் எடுத்தது. ஒவ்வொரு காலையும் கையெழுத்து வைத்ததும் என்னிடம் வருவார். "இண்டைக்கு எப்பிடி?" "நேற்றைய மாதிரித்தான்." "சரி, வேலையப் பாப்பம்." புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் ஆறு மாதத்தில் திரும்பப் படமெடுக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கடிதம் வந்த செய்தியைத்தான் அந்தச் சனிக்கிழமை நான் தொலைபேசியில் சொன்னேன்.

அன்று கிண்ணியாவில் பெண்கள் இருந்த அறைக்கு ரிஸ்னா என்னைக் கூட்டிப் போய் முகத்தைக் காட்டினாள். வெள்ளைத் துணிக்குள் சின்ன முகமாக இருந்தது. பிறகு குசினிக்குள் கூப்பிட்டு ஒரு கடிதத்தைத் தந்தாள். இருதயப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி ஒரு டொக்டர் எழுதியது. ஐந்து மாதம் பழையது.

"உம்மாட கைப்பைக்குள்ள கிடந்த ஆன்டி. நெஞ்சுநோவு எண்டு டொக்டரிட்டப் போயிரிக்காங்க. எங்களுக்குச் சொல்லல்ல. கேட்டா கேஸ்ட்ரிக் எண்டுதான் சொல்லுவாங்க. போன கிழமைதான் வாயத் திறந்து, எனக்குப் பயமா இரிக்கி, நிர்மலாட ஸ்கேன் முடியட்டும், மறுகா போவம் எண்டு சொன்னாங்க."

அலுவலகப் படிகளில் அவர் இடையில் நின்று மூச்சு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் நின்று காத்திருந்து, அவர் வந்து சேர்ந்ததும் என் மார்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். உங்களுக்கு என்ன செய்கிறது மிஸ் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவருக்குப் பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர்மீது எனக்குக் கோபம் இருக்கிறது. எனக்குச் சொன்னதைத் தனக்குச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபத்தை அவரிடமிருந்து வந்த மற்றவற்றோடு வைத்துக்கொள்கிறேன். தைரியம் எனக்கு வரவில்லை. கால் நடுங்கிக்கொண்டே ஒரு இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்பதை மட்டும் அவரிடம் படித்தேன். அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் கட்டாருக்கு எடுத்து, இத்தனை மாதமாக மறைத்த எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னேன்.  "எனக்கும் பயமாக் கிடக்கு" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்காகக் கொழும்புக்குப் போக, நேற்றுப் பஸ் பதிவு செய்யும் இடத்துக்குப் போனேன். அன்று எங்களுக்கு இடம் பதிவு செய்து தந்த மனிதர் என்னைக் கண்டதும், "போன முறை மாதிரி ரெண்டு சீட்தானே அக்கா?" என்று கேட்டார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஒன்று என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.