அண்டாவில் யார் பேர்?

பாத்திரத்தில் பேர் வெட்டிப் பிழைக்கிறவனுக்கு ஊரில் நண்பர்களைவிட எதிரிகள் அதிகம். கல்யாணக் குடத்தில் மாமியார் சொன்ன பேரை வெட்டினால் மருமகள் முறைப்பாள். மருமகள் சொன்னதை வெட்டினால் மாமியார் அப்புறம் என் கடைப் பக்கமே வரமாட்டாள். உளி விழுந்துவிட்டால் அழிக்க முடியாது என்பதால், எல்லாச் சண்டையும் உளி விழுவதற்கு முன்னால், என் மூக்குக்கு நேராகத்தான் நடக்கும். இரண்டு பேர் சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால் நீங்களும் நம்ம கட்சிதான், வந்து உட்காருங்கள்.

ஐம்பதுகளில் ஓசூர் கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடை வாசலில் என் பட்டறை. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உட்கார ஒரு சாக்கு, ஒரு சுத்தி, சில உளிகள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வெட்டுவேன், மூன்றிலும் திட்டு வாங்குவேன். ஆனால் கல்யாணச் சண்டை எல்லாம் பூப்பந்து சீசன் முடிகிற வாரத்துச் சண்டைக்கு உறை போடக் காணாது.

பொங்கல் முடிந்ததும் ஓசூர், கிருஷ்ணகிரி, பேரிகை, மத்தூர் என்று நாலு ஊர் அணிகளும் மாறி மாறி ஆடும். பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, கையில் நரம்பு கட்டின மட்டை, மஞ்சள் கம்பளிப் பந்து. மாங்காய் இறங்குவதற்குள் கடைசி ஆட்டம் முடிந்தாக வேண்டும். அதற்கப்புறம் ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் தோப்பில்தான் இருப்பார்கள். ஜெயித்த அணிக்குக் கோப்பை. அது தவிர, சீசனிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று ஒருவருக்குத் தனிப் பரிசு. அந்த ஒருவர் யார் என்பதில்தான் நாலு ஊரும் மண்டையை உடைத்துக்கொண்டது.

கோப்பைக்கு வந்த கேடு

தனிப் பரிசைக் கொடுப்பவர் புளி மண்டி நஞ்சுண்ட செட்டியார். பந்தாட்டப் பைத்தியம். மண்டியில் ஏலம் நடக்கும்போது மைதானத்தில் விசில் கேட்டால் ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடுவார். முதல் வருஷம் பெங்களூருக்கே போய், இரண்டு காது வைத்த வெள்ளிப் பூச்சுக் கோப்பை ஒன்றை வாங்கிவந்தார். பேர் வெட்டியது நான்தான். ஓசூர் அணியில் ஆடின தையல்காரர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அவர் மனைவி கோப்பையோடு என் பட்டறைக்கு வந்துவிட்டார். பேரில் ஏதோ தப்பு விழுந்துவிட்டது என்று எழுத்தைக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். அந்தம்மாளுக்கு அந்தக் கவலையே இல்லை. கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, பாத்திரம் வாங்கக் கடைக்கு வந்திருந்த செட்டியாரையும் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்: "இதுல சோறு வடிக்க முடியல, தண்ணி மொள்ள முடியல, பால் காச்சினா காது சுடுது. குடுக்கறது குடுக்கறீங்கோ, ஒரு அண்டாவாக் குடுத்தா என்னாங்க?"

குடுத்தவர் வீட்டுக்கே

அடுத்த வருஷத்திலிருந்து பித்தளை அண்டா. பத்துப் பேருக்குத் தண்ணீர் காய்ச்சலாம், அத்தனை பெரிசு. இங்கேதான் நான் தொழில் பழக்கத்தில் ஒரு காரியம் செய்தேன். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் கொடுப்பவர் பேரைத்தான் பெரிசாக வெட்டுவோம். அதே கை, அதே பழக்கம். செட்டியார் பேரைக் கழுத்தைச் சுற்றிப் பெரிசாக வெட்டி, ஜெயித்தவர் பேரை அடியில் பொடியாக வெட்டிவிட்டேன்.

அந்த வருஷம் அண்டாவை வாங்கின மத்தூர்க்காரர் அதைக் கோயில் சமையலுக்கு இரவல் கொடுத்தார். சமையல் முடிந்து, பாத்திரங்களைப் பேர் பார்த்து வீடு வீடாகத் திருப்பி அனுப்பினார்கள். அண்டாவின் கழுத்தைப் படித்தவர்கள், பாவம், ஓசூருக்கு வண்டி ஏற்றிச் செட்டியார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். செட்டியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் அண்டாவைத் தட்டிக்கொண்டே சிரித்தார்: "பரிசு குடுத்தவனுக்கே பரிசு வந்த அதிசயம் என் ஒருத்தனுக்குத்தான்யா நடந்திருக்கு!"

சொந்தப் பிள்ளை ஆகாது

சிறந்த ஆளை யார் தீர்மானிப்பது? முதல் இரண்டு வருஷம் செட்டியாரே சொன்னார். அப்புறம் நாலு அணிக் கேப்டன்களும் ஆளுக்கொரு பேர் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நாலு பேரும் தங்கள் அணி ஆளையே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. என் பட்டறைக்கு வந்து, "எங்காளு பேரை வெட்டு" என்று ஆளுக்கொரு பக்கம் அண்டாவைப் பிடித்து இழுத்தார்கள். அண்டா நெளியாமல் தப்பித்தது அன்று நான் செய்த புண்ணியம்.

செட்டியார் புதுச் சட்டம் போட்டார். எந்தக் கேப்டனும் சொந்த அணி ஆளைச் சொல்லக் கூடாது. எதிர் அணிகளில் யார் நன்றாக ஆடினார் என்று மட்டுமே சொல்ல வேண்டும். சமமாக நின்றால் செட்டியார் வாக்கு முடிவு. நியாயமான சட்டம் என்று நான் அப்பொழுதே சொன்னேன். பேரிகைக் கேப்டனுக்கு மட்டும் அது தொண்டைக்குள் இறங்கவில்லை: "சீசன் பூரா அவனைத் தோக்கடிக்கத் தண்ணி குடிக்கறம், கடைசி நாளு அவனையே புகழணுமா? இதுக்கு நாங்க வயல்ல களை புடுங்கலாம்."

முருங்கைக்காய் வாதம்

இனி நான் சொல்லப்போவது அந்த ஒரு வருஷத்துக் கதை. போட்டி இரண்டு பேருக்குள் வந்து நின்றது. கிருஷ்ணகிரிக் கேப்டன் ஸ்ரீராமுலு முன்வரிசைக்காரர். உயர எழும்பி அடித்தால் பந்து விழுந்த இடத்தில் புழுதி கிளம்பும், கூட்டம் விசிலடிக்கும். பேரிகை அணியின் மாதப்பன் பின்வரிசைக்காரர். கேழ்வரகு விவசாயி. அடிப்பதே இல்லை. வருகிற பந்தை எல்லாம், அது எங்கே வந்தாலும் சரி, மண்ணைத் தொட விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பார். அவருக்கு யாரும் விசிலடித்து நான் கேட்டதில்லை. எனக்கு அவரைத்தான் பிடிக்கும், அதில் ஒளிவு மறைவு இல்லை.

என் பட்டறை வாசலில் தினமும் பட்டிமன்றம். ஓட்டல் ராயர் ஸ்ரீராமுலு கட்சி. கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர் சொந்த ஊரையே விட்டுக்கொடுத்து மாதப்பன் கட்சி. பஸ் கிளம்பும் நேரம் தாண்டியும் வாதாடிக்கொண்டிருப்பார், பயணிகள் வந்து இழுத்துப் போவார்கள். ஒருநாள் ராயர் அடித்துச் சொன்னார், பேரிகை அணியே சுமார், எப்படியும் கோப்பை வாங்காத அணியில் ஒருத்தன் நன்றாக ஆடி என்ன பிரயோஜனம், உப்பில்லாத சாம்பாரில் நல்ல முருங்கைக்காய் கிடந்தால் யாருக்கு லாபம் என்று. கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பினார்: "அந்த முருங்கைக்காய்க்காகத்தான் சாமி நாங்க உங்க ஓட்டல் சாம்பாரையே ஊத்திக்கறம்!"

அடுப்புக்குப் போகிற மட்டை

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மாதப்பன் ஒரு சொம்பைக் கொண்டுவந்தார், மனைவி பேர் வெட்ட. கிருஷ்ணகிரிக்கும் பேரிகைக்கும்தான் கடைசி ஆட்டம். ஆனாலும் முகத்தில் களையே இல்லை. என்ன சமாச்சாரம் என்று தோண்டித் துருவிக் கேட்டேன்.

அவர் அப்பாவுக்குப் பந்தாட்டம் என்றாலே ஆகாது. ஏர் ஓட்டுகிற நேரத்தில் மகன் பந்துக்குப் பின்னால் ஓடுகிறானே என்று வருஷா வருஷம் சண்டை. இந்த வருஷம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம். அதை அப்பா குரலிலேயே மாதப்பன் சொல்லிக் காட்டினார், சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அப்பா சொன்னது இதுதான்: "இந்த மட்டையால வீட்டுக்கு ஒரு சாமான் வந்தா ஆடு. வரலேன்னா சீசன் முடிஞ்ச அன்னிக்கே மட்டை அடுப்புக்குப் போவும்."

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம்

கடைசி ஆட்டம் ஞாயிறு சாயங்காலம். ஆட்டம் முடிந்து பேர் சொல்லி, நான் வெட்ட உட்காரும்போது சரியாக ராகுகாலம் நடக்கும். ராகுகாலத்தில் என் அண்டாவில் உளி படக் கூடாது என்று செட்டியார் ஒற்றைக் காலில் நின்றார். "எப்படியும் ஸ்ரீராமுலுதான். சமமா வந்தாலும் என் வாக்கு அவனுக்குத்தான். நீ காலையிலயே நல்ல நேரத்துல வெட்டிடு" என்றார். ஆடாத ஆட்டத்துக்கு அண்டாவில் பேர்! இப்படி ஒரு யோசனை நம் ஊரைத் தவிர வேறெங்கும் யாருக்கும் வராது.

காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். செட்டியார் பேரை அளவாக, அடியில் வெட்டினேன். மேலே பெரிய எழுத்துக்கான இடத்தில் அழகாக ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். அதோடு உளியை வைத்துவிட்டேன். செட்டியார் வந்து, "தொடங்கியாச்சா?" என்றார். "நல்ல நேரத்துலயே தொடங்கியாச்சுங்க" என்றேன். சாக்கைச் சுற்றி, அண்டாவை மைதானத்துக்குத் தூக்கிப் போனேன்.

ஆட்டம் அப்படி ஓர் ஆட்டம். ஸ்ரீராமுலு அடிக்க, மாதப்பன் எடுக்க, அடிக்க, எடுக்க. கூட்டம் மூச்சுவிட மறந்து நின்றது. கடைசியில் கிருஷ்ணகிரி மயிரிழையில் ஜெயித்தது. கோப்பையைக் கொடுத்துவிட்டு, செட்டியார் பெருமையாக அண்டாவின் சாக்கை உருவினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பேர் இருக்க வேண்டிய இடத்தில் சுழி மட்டும் இருந்தது. கண்டக்டர் கத்தினார்: "என்னாப்பா இது, இந்த வருசம் பிள்ளையாரா ஆடினாரு?"

எதிர் மண்டிக்காரர் சாட்சி

செட்டியார் என்னைப் பார்த்த பார்வையில் அண்டாவே உருகியிருக்கும். "தொடங்கினதைக் காலையிலயே தொடங்கிட்டேனுங்க. இனி எப்ப முடிச்சாலும் தோஷமில்ல. கேப்டன்கள் பேர் சொல்லட்டும்" என்றேன். கூட்டம் ஆமாம் என்றது. வேறு வழியில்லாமல் அவர் கையை அசைத்தார்.

ஓசூர்க் கேப்டன், ஸ்ரீராமுலு என்றார். மத்தூர்க் கேப்டன், மாதப்பன் என்றார். சொந்த ஆளைச் சொல்ல முடியாத பேரிகைக் கேப்டன் வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு, ஸ்ரீராமுலு என்றார். கடைசியாகக் கிருஷ்ணகிரிக் கேப்டன் ஸ்ரீராமுலு எழுந்தார். இரண்டு பேர் ஏற்கெனவே அவரைச் சொல்லியாயிற்று. அவர் யாரையாவது ஓர் ஓசூர்க்காரரைச் சொல்லியிருந்தால் அண்டா அவர் வீட்டுக்குப் போயிருக்கும். அவர் சொன்னது மாதப்பன். சமம்! செட்டியார் ஏன் என்று கேட்டார். ஸ்ரீராமுலு மட்டையால் எதிர்ப்பக்கம் காட்டிச் சொன்னார்: "மாதப்பன் நிக்கற பக்கம் அடிச்ச வரைக்கும் நாங்க தோத்துட்டிருந்தோம். அவர் இல்லாத பக்கமாத் தேடித் தேடி அடிச்சுத்தான் ஜெயிச்சோம். அப்ப யாருங்க பெரிய ஆளு?"

செட்டியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஸ்ரீராமுலுவுக்கென்று முன்பே சொன்ன வாக்கு அவர் முகத்தில் வந்து வந்து போனதை நான் பார்த்தேன். அப்புறம் வியாபாரி ஜெயித்தார். கூட்டத்தைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "எதிர் மண்டிக்காரனே எங்க புளி நல்ல புளின்னு சொன்னா, அதுக்கப்புறம் தராசு எதுக்குய்யா? வெட்டு, மாதப்பன் பேரை வெட்டு!"

மூடி

மைதானத்து நடுவிலேயே வெட்டினேன். ஒவ்வொரு எழுத்து முடியும்போதும் கூட்டம் அதை உரக்கப் படித்தது. மாதப்பனுக்கு விசிலடித்து அன்றைக்குத்தான் கேட்டேன், மைதானம் பூராவும் அடித்தது. ஸ்ரீராமுலுவும் கண்டக்டரும் அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாதப்பன் தலையில் ஏற்றினார்கள். ராயர்கூடக் கை தட்டினார். எனக்குக் கண் கலங்கியது, பித்தளைத் தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பேரிகை வண்டிக்குப் பக்கத்தில் மாதப்பனின் அப்பா நின்றுகொண்டிருந்தார். மகன் மட்டையை அன்றைக்கே வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்தாராம். அண்டாவைக் கீழே இறக்கச் சொன்னார். விரலால் சுண்டிப் பார்த்தார், கனத்தைத் தூக்கிப் பார்த்தார். எழுத்துகளின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். மட்டையை மகன் கையிலிருந்து வாங்கி, அழுக்குப் படாமல் அண்டாவுக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு செட்டியார் பக்கம் திரும்பி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "இதுக்கு மூடி அடுத்த வருசந்தான் குடுப்பீங்களா?"

பேர் வெட்டுகிறவனுக்கு எதிரிகள் அதிகம் என்றேனே, மறு வருஷம் செட்டியார் அண்டாவோடு மூடியையும் பரிசாக அறிவித்ததும், அண்டா ஒருவருக்கும் மூடி இன்னொருவருக்குமாக வெட்டச் சொல்லி ஓசூர்க் கடைத்தெருவே என் மேல் பாய்ந்ததில் அந்தக் கணக்கு அப்படியே இரட்டிப்பாகிவிட்டது.